திருகு தளர்ந்த கத்தரிக்கோல்

கத்தரிக்கோல் மழுங்கிப்போனால் சாணைக்காரனைத் தேட வேண்டியதில்லை, அரசு வக்கீலம்மா. உப்புத்தாளை மடித்து எட்டுப் பத்து தடவை வெட்டினால் தானாகக் கூர் ஏறிவிடும். உங்கள் மேஜைமேல் பிளாஸ்டிக் பைக்குள் எண் ஒட்டி வைத்திருக்கிறீர்களே, அந்தக் கத்தரிக்கோலை அப்படித்தான் பதினாறு வருஷமாகக் காப்பாற்றி வருகிறேன். நடுவில் இருக்கிற திருகை மட்டும் இறுக்க மாட்டேன். திருகு இறுகியிருந்தால் ஓசையில்லாமல் வெட்டும். எனக்கு வேண்டியது லேசாக ஆட்டம் கொடுக்கிற, மூடும்போது 'டக்'கென்று சொல்கிற கத்தரிக்கோல். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். நீங்கள் லிமாவிலிருந்து பதினெட்டு மணி நேரம் பஸ்ஸில் வந்திருக்கிறீர்கள். மலை ஏறினால் தலை கிறுகிறுக்கும். கோக்கா இலைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லுங்கள், நிதானமாகப் பேசுவோம்.

என் பெயர் எதெல்மிரா பலோமினோ. வயது ஐம்பத்தெட்டு. சான் இலாரியோ ஆராய்ச்சி மருத்துவமனையில் பங்கேற்பாளர் பாதுகாப்பு அதிகாரி. அதற்கு முன்னால், அது ஓடு ஒழுகும் சுகாதார நிலையமாக இருந்த காலத்தில், கட்டுப் போடுகிறவள், பிரசவம் பார்க்கிறவள், தரை துடைக்கிறவள் மூன்றும் நான்தான். டாக்டர் அரிஸ்மெந்தி இங்கே ஆராய்ச்சியைக் கொண்டுவந்தபோது, மலை ஜனங்கள் நம்புகிற ஒருவர் வேண்டுமென்று வெளிநாட்டு மருந்துக் கம்பெனி கேட்டிருந்தது. ஊரில் பாதிப் பேருக்குத் தொப்புள்கொடி வெட்டியவள் நான். வேறு யாரிடம் போவார்கள்.

எனக்கென்று ஒரு அறை கொடுத்தார்கள். திறப்பு விழா நடந்தது. மேயர் வந்தார், பேண்டு வந்தது, நாடா கட்டியிருந்தார்கள். வெட்டுவதற்குக் கத்தரிக்கோல் கொண்டுவர மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. என் பையிலிருந்து இதை எடுத்துக் கொடுத்தேன். டாக்டர் அரிஸ்மெந்தி வாங்கி, மனித கண்ணியத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசிவிட்டு, நாடாவை வெட்டினார். சத்தமே இல்லாமல் விழுந்தது. பேண்டுக்காரர்கள் எப்போது வாசிப்பது என்று தெரியாமல் முழித்தார்கள்.

அந்த அறையை நீங்கள் சோதனை போட்டிருப்பீர்கள். பங்கேற்பாளரின் உரிமைகள் என்று பெரிய எழுத்தில் ஒரு சுவரொட்டி. அதைக் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருந்தார்கள். கதவைச் சாத்தினால்தான் படிக்க முடியும். அதிகாரியின் அறைக்குள் வந்து கதவைச் சாத்துகிற துணிச்சல் எங்கள் ஜனங்களுக்குக் கிடையாது. எதிர்ச் சுவரில் காப்பீட்டுப் பத்திரம், கண்ணாடிச் சட்டம் போட்டு. ஊசியால் குழந்தைக்குக் கெடுதல் வந்தால் சிகிச்சை, கருவி, பயிற்சி, பள்ளிப் படிப்பு, பதினெட்டு வயது வரை மாதப் பணம், எல்லாம் கம்பெனி பொறுப்பு. கடைசி ஊசி போட்ட நாளிலிருந்து இருபத்துநாலு மாதத்துக்குள் கேட்டுவிட வேண்டும். நல்ல பத்திரம். ஆங்கிலத்தில் இருந்தது. தாய்மார்கள் அதைப் பார்த்ததும் சிலுவை போட்டுக்கொள்வார்கள், சாமி படமாக்கும் என்று.

ஆராய்ச்சி என்னவென்றால், சளி முற்றி மூச்சுத் திணறுகிற கைக்குழந்தைகளுக்கு ஒரு புது ஊசி. பத்து நாள் போட வேண்டியதை ஐந்து நாளில், இரட்டை அளவில். அதற்கு அனுமதி கொடுக்க ஒரு நெறிமுறைக் குழு. பாதிரியார், ஓய்வுபெற்ற தபால் அதிகாரி, மாட்டு டாக்டர் தோன் எவாரிஸ்தோ, தலைவராக டாக்டர் அரிஸ்மெந்தியின் மைத்துனர். குறிப்பு எழுதியது நான். ஹாம் ரொட்டி வந்ததும் கூட்டம் சூடு பிடித்தது. கேள்வி கேட்டது மாட்டு டாக்டர் ஒருவர்தான்.

"இந்த ஜாதி மருந்தை இந்த அளவுல கன்னுக்குட்டிக்குப் போட்டிருக்கேன். குட்டி பொழைச்சுக்கும். ஆனா அப்புறம் தாய் கூப்பிட்டா திரும்பாது."

"இங்க கன்னுக்குட்டி யாரும் இல்லையே, தோன் எவாரிஸ்தோ," என்றார் பாதிரியார். எல்லோரும் சிரித்தார்கள். தோன் எவாரிஸ்தோவும் சிரித்தார்; ரொட்டி அவர் கையிலும் இருந்தது. 'ஓர் உறுப்பினர் நகைச்சுவையாகக் கருத்துத் தெரிவித்தார்' என்று எழுதினேன். அந்த ஏடு உங்களிடம் இருக்கிறது.

அறுபத்துநாலு குழந்தைகள் சேர்ந்தார்கள். பத்தொன்பது பக்க ஒப்புதல் பத்திரம். பக்கத்துக்குப் பக்கம் கைநாட்டு. ஊசி வேலை செய்தது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு குழந்தைகூடச் சாகவில்லை. அதற்கு முந்தின குளிர்காலத்தில் ஒன்பது சின்னச் சவப்பெட்டியை இந்த ஊர் தூக்கிக்கொண்டு போனது.

சாதுர்னினாவின் மகள் யெனிதான் முதல். எட்டு மாதக் குழந்தையாக ஊசிக்கு வந்தாள். பதினாலாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாதுர்னினாவும் அவள் புருஷன் தெயோபிலோவும் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். கையில் ரொட்டிக் கூடை, துணியில் கட்டிய கினிப்பன்றி வறுவல், ஒரு பாட்டில். எதற்கு வந்திருக்கிறார்கள் என்று பார்த்ததுமே தெரிந்துவிடும்.

"மறுத்துராதீங்க தோன்யா எதெல்மிரா. யெனிக்கு முடியெடுக்கணும். நீங்கதான் மத்ரினா."

"எனக்கு என்ன தகுதி இருக்கு, சாதுர்னினா?"

"ஊசி போட்ட அஞ்சு நாளும் பிள்ளைய மடியில அமுக்கிப் பிடிச்சிருந்தது நீங்கதானே. பெத்த நான் வெளியில நின்னு அழுதுக்கிட்டுல்ல கிடந்தேன்."

நீங்கள் கடற்கரைக்காரர், உங்களுக்கு இது பழக்கமிருக்காது. முதல் முடியை வெட்டுகிறவள் மத்ரினா. பிள்ளைக்கு அவள் இரண்டாவது தாய்; பெற்றவளுக்கு அன்று முதல் கொமாத்ரே. கூடப் பிறந்தவளோடு சண்டை போடலாம், வாய்க்கால் தகராறில் மண்டையை உடைக்கலாம். கொமாத்ரேயிடம் குரலை உயர்த்தக் கூடாது. அவள்மேல் புகார் கொடுக்கிறவளுக்குச் செத்த பிறகும் கதி இல்லை என்பார்கள். இதைச் சட்டமாக யாரும் எழுதவில்லை. அதனால்தான் மீறுவதில்லை.

முடியெடுப்பு அவர்கள் வீட்டு முற்றத்தில் நடந்தது. யெனியின் முடியைச் சின்னச் சின்னக் கற்றையாகப் பிரித்து ரிப்பன் கட்டியிருந்தார்கள். அவித்த சோளம், உருளைக்கிழங்கு, குடம் குடமாகச் சோளக்கள். மற்ற பிள்ளைகள் கத்தரிக்கோலைப் பார்த்தாலே ஊரைக் கூட்டும். நான் வலது காதுக்குப் பின்னால் கொண்டுபோய் முதல் கற்றையை வெட்டினேன். டக்கென்றது. யெனி உருளைக்கிழங்கைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

"என்னா அழுத்தக்காரி பாரு," என்றாள் ஒருத்தி.

"அப்பன மாதிரி. என்ன சொன்னாலும் காதுலயே ஏறாது," என்றான் தெயோபிலோவின் தம்பி.

"ஒங்க அண்ணனுக்குப் பாட்டில் மூடி திறக்கிற சத்தம் மட்டும் ரெண்டு தெரு தள்ளிக் கேக்கும்," என்றாள் சாதுர்னினா. முற்றமே சிரித்தது.

இடது காதுக்குப் பின்னால் சும்மா ஒரு தடவை டக்கென்று மூடினேன். பிறகு காணிக்கைக்கு வைத்திருந்த தகரத் தட்டை எடுத்தேன். அது கை நழுவிக் கல்தரையில் விழுந்தது. நாய் வாலைச் சுருட்டிக்கொண்டு வேலி தாண்டி ஓடியது. பேண்டுக்காரன் ஒருவன் கள்ளைச் சட்டையில் கொட்டிக்கொண்டான். யெனி கிழங்கின் மறுபக்கத்தைத் திருப்பிக் கடித்தாள்.

கற்றையை வீட்டுக்குக் கொண்டுவந்து உறையில் போட்டேன். மத்ரினா அதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். ரிப்பனில் ஒரு முடிச்சுப் போட்டேன். உங்கள் எதிரே இருக்கிற செருப்புப் பெட்டியில் ஐம்பத்தொரு உறைகள் இருக்கின்றன. பதினொன்றில் முடிச்சு இருக்கும். ஜன்னலைச் சாத்திவிட்டுப் பிரியுங்கள். குழந்தை முடி லேசானது, பறந்துவிடும்.

திங்கட்கிழமை டாக்டர் அரிஸ்மெந்தியிடம் சொன்னேன். சொல்லவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அவர் லிமா மாநாட்டுக்கான உரையைக் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒனக்குக் காது டாக்டர் பட்டம் எப்பக் குடுத்தாங்க, எதெல்மிரா?"

"பட்டம் இல்ல டாக்டர். தட்டு விழுந்துச்சு. பிள்ள திரும்பல."

"தாய் புகார் குடுத்தாளா?"

"இல்ல."

"அப்ப ஒண்ணும் நடக்கல. புகார் வந்தாத்தான் சம்பவம். வந்தா எழுது. ஒழுங்கா எழுது. அதுக்குத்தானே ஒன்ன வச்சிருக்கு."

அவர் கெட்ட மனிதர் இல்லை. கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு கண்ணாடியைப் பார்க்கிற மனிதர். அவ்வளவுதான். நான் யோசித்துப் பார்த்தேன். எழுதிவிட்டால் ஆராய்ச்சி நிற்கும். ஆம்புலன்ஸும் ஆக்ஸிஜன் கருவியும் கம்பெனியுடையவை. அவை மலை இறங்கிவிடும். மறுபடி சவப்பெட்டிகள். அரேகிப்பாவில் பல் டாக்டருக்குப் படிக்கிற என் மகளைப் பற்றியும் நினைத்தேன்; மறைக்கவில்லை. ஒரு பக்கம் ஒரு குழந்தையின் காது, மறுபக்கம் ஊர். நீங்களாக இருந்தாலும் இப்படித்தான் யோசித்திருப்பீர்கள். இல்லை என்கிறீர்கள். சரி.

மூன்று மாதம் கழித்து சாதுர்னினா அறைக்கு வந்தாள். வாசற்படியிலேயே தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றாள்.

"கொமாத்ரே, யெனி பேர் சொன்னா திரும்ப மாட்டேங்குது."

புகார் வந்துவிட்டது. படிவத்தை எடுத்தேன். அதில் ஒரு கட்டம் உண்டு: பாதிப்புக்கு வேறு காரணம் இருக்கிறதா. இருந்தால் கம்பெனிக்குப் பொறுப்பில்லை. நான் எந்தக் காரணத்தையும் சொல்லவில்லை. ஊரில் எந்தத் தாயும் எந்தத் தாயிடமும் கேட்கிற கேள்வியைத்தான் கேட்டேன்.

"பிள்ள எங்கயாச்சும் பயந்துச்சா, கொமாத்ரே?"

அவள் தரையைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, என் மனம் நோகக் கூடாதென்று வார்த்தையைப் பொறுக்கிப் பொறுக்கிச் சொன்னாள்.

"அன்னைக்கி தட்டு விழுந்துச்சுல்ல. அதுலதான்னு எங்க மாமியா சொல்லுது. நாயே ஓடிப்போச்சே. பிள்ளைக்கு உசுரு பதறிப்போயிருக்கும். ஒங்க மேல எனக்கு ஒரு துளி வருத்தமில்ல கொமாத்ரே. வேணும்னா போட்டீங்க?"

"இல்ல," என்றேன்.

"அதான். கை தவறுறது எல்லாருக்கும் உள்ளதுதான்."

அவள் என்னை மன்னித்தாள். அதை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. அந்தக் கட்டத்தில் எழுதினேன், 'தாய் கூறும் காரணம்: திடீர்ப் பேரொலியால் ஏற்பட்ட பயம்' என்று. இதில் ஒரு எழுத்து பொய்யில்லை. வெளிநாட்டில் அதைப் படித்தவர்கள் 'ஒலி அதிர்ச்சி, ஊசிக்குத் தொடர்பில்லை' என்று முத்திரை குத்தி அனுப்பினார்கள். சாதுர்னினா வைத்தியக்காரியிடம் போய்க் குழந்தையின் உடம்பில் கினிப்பன்றியைத் தேய்த்துப் பயம் இறக்கினாள். அதற்கு மறுவாரம் நான் ஒரு மெத்தை வாங்கிக் கொடுத்தேன்.

பயந்த கோளாறு என்று ஒன்று இருந்தால் அதற்குப் பயந்த இடம் ஒன்று வேண்டும். இரண்டாவது தாயும் மூன்றாவது தாயும் அதைத் தேடிப் படாதபாடு பட்டார்கள். இடி இடித்ததா, எருது விரட்டியதா, கட்டிலிலிருந்து விழுந்ததா என்று இரவெல்லாம் புருஷனோடு சண்டை. பார்க்கப் பாவமாக இருந்தது. நாலாவது முடியெடுப்பிலிருந்து வெடியும் ராக்கெட்டும் என் செலவில் என்று சொல்லிவிட்டேன். மத்ரினா தாராளம் என்று ஊர் பேசியது. முதல் முடி விழுந்ததும் வேலிக்கு அந்தப் பக்கம் பன்னிரண்டு ராக்கெட். கேட்கிற பிள்ளை வீரிட்டு அழும், பால் கொடுத்தால் அடங்கிவிடும். கேட்காத பிள்ளை வானத்தில் புகையைப் பார்த்துச் சிரிக்கும். பிறகு தாய் என்னிடம் வரும்போது தேட வேண்டியதில்லை. அவளுக்குத் தேதி தெரியும், நேரம் தெரியும், சாட்சிக்கு ஊரே இருந்தது.

ரெண்டு வயதுக்கு முன்னால் எடுத்தால் முடி அடர்த்தியாக வளரும் என்று எல்லோரிடமும் சொல்லிவைத்தேன். நேரத்தோடு கூப்பிட்டார்கள். கூப்பிடாதவர்களின் பிள்ளைகளை எடை பார்க்கும்போதே சோதித்தேன். அவர்கள் பதின்மூன்று பேரும் டக்கென்றதும் திரும்பினார்கள். அவர்களுக்கு வேறு யாராவது மத்ரினா ஆகட்டும் என்று விட்டுவிட்டேன். காது போனவர்களுக்கு மட்டும் மத்ரினா ஆகியிருக்கலாம்; கண்ணை உறுத்தும். அதனால் மற்ற நாற்பதையும் ஏற்றுக்கொண்டேன்.

கம்பெனி எங்களுக்கு 'மாதிரி மையம்' என்று வெண்கலப் பட்டயம் அனுப்பியது. இத்தனை சுத்தமான ஆவணங்களை வேறு எந்த நாட்டிலும் பார்த்ததில்லையாம். டாக்டர் அரிஸ்மெந்தி அழுதார். குழந்தைகளுக்கும் ஒரு சான்றிதழ் அடித்தார்கள், 'அறிவியலுக்கு ஆற்றிய அரும்பணிக்காக' என்று. ஒவ்வொரு வீட்டிலும் அது தொங்குகிறது, நான் குழந்தையின் காதோரம் கத்தரிக்கோலோடு நிற்கிற முடியெடுப்புப் போட்டோவுக்குப் பக்கத்தில்.

பஸ் விஷயத்தை நீங்களே எடுப்பீர்கள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

காப்பீடு கேட்க யெனிக்கு இருந்த இருபத்துநாலு மாதக் கெடு ஒரு வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. செவ்வாய்க்கிழமை சந்தையில் சாதுர்னினா சொன்னாள், வியாழன் காலை பஸ்ஸில் குஸ்கோ போகிறாளாம். அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் அவள் பக்கத்து வீட்டுக்காரியின் தங்கை துணி துவைக்கிறாளாம். காது பார்க்கிற டாக்டரிடம் காட்டித் தருவாளாம். பயம் இறக்கி இறக்கிக் கினிப்பன்றிக் கூடே காலியாகிவிட்டது, ஒரு தடவை மிஷினில் வைத்துப் பார்த்துவிடலாம் என்றாள். மிஷினில் வைத்தால் உள்ளே நரம்பு செத்திருப்பது தெரியும். எந்த ராக்கெட்டும் தகரத் தட்டும் அப்படிச் செய்யாது. குஸ்கோ டாக்டர் கேட்கிற முதல் கேள்வி, என்ன ஊசி போட்டார்கள் என்பதாக இருக்கும்.

வியாழக்கிழமை காலை ஆறரை மணிக்கு ஒரு ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். வெள்ளைக் குட்டி, கழுத்தில் சிவப்பு நூல். அவள் யெனியை முதுகில் கட்டிக்கொண்டு, வழிச் சோற்றை மூட்டை கட்டி, படலைத் திறந்துகொண்டிருந்தாள்.

"கொமாத்ரே! என்ன இந்நேரத்துக்கு?"

"பிள்ளைக்கு ஆடு கொண்டாந்தேன். நீங்க கிளம்பிட்டீங்க போல. போயிட்டு வாங்க. நான் இப்படியே திரும்பிக்கிறேன்."

"திரும்பவா? ஆட்டோட வந்த கொமாத்ரேய வாசலோட அனுப்புனா நாளைக்கி நான் தெருவுல நடக்க முடியுமா? உக்காருங்க."

"பஸ்ஸு போயிரும்."

"பஸ்ஸு ஏழேகாலுக்குத்தானே. ஒரு சூப்பு. குடிச்சிட்டுப் போங்க."

ஒரு சூப் என்பது எங்கள் ஊரில் ஒரு சூப் இல்லை. அவள் முதுகிலிருந்து பிள்ளையை இறக்கினாள், அடுப்பைப் பற்றவைத்தாள், கோழியைப் பிடிக்கப் புருஷனை விரட்டினாள். நான் அவளைத் தடுக்கவில்லை. அவசரப்படுத்தவும் இல்லை. கிண்ணம் கைக்கு வந்ததும் சூடாக இருக்கிறது என்று ஊதி ஊதிக் குடித்தேன். சந்தை முனையில் பஸ் ஹாரன் அடித்தது. சாதுர்னினா கரண்டியோடு அப்படியே நின்றாள். மூன்று தடவை அடித்தது. யெனி ஆட்டுக்குட்டியின் காதைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொமாத்ரே, இன்னும் கொஞ்சம் ஊத்தவா?" என்றாள் சாதுர்னினா.

"ஊத்துங்க," என்றேன்.

அடுத்த பஸ் திங்கட்கிழமை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மலைச்சரிவு விழுந்து பாதை மூன்று வாரம் மூடிக்கிடந்தது. அதற்கு நான் பொறுப்பில்லை. பிறகு விதைப்பு வந்தது, அடுத்த பிள்ளை வந்தது. மூன்று வயதுக்குள் கருவி வைத்தால் பேச்சு வரும், தாமதித்தால் வராது என்று டாக்டர்கள் சொல்வதாகச் சொன்னீர்கள். எனக்கு அப்போது தெரியாது. காப்பீட்டுப் பத்திரத்தோடு வந்த புத்தகத்தில் நாற்பதாம் பக்கத்தில் ஏதோ போட்டிருந்தது. அதை ஒரு தடவைதான் படித்தேன்.

பதினொரு குடும்பங்களையும் நான் கைவிடவில்லை. மார்ச் மாதம் பள்ளி திறந்தால் பதினொரு ஜோடி செருப்பு. கிறிஸ்துமஸுக்கு இனிப்பு ரொட்டி. யாருக்கும் லிமாவுக்கு அலைச்சல் இல்லை, கைநாட்டு இல்லை, ஆங்கிலம் இல்லை. இழப்பீட்டை இத்தனை அன்போடு எந்தக் கம்பெனி கொடுத்திருக்கிறது. வாங்கியவர்களும் தலைகுனிந்து வாங்கவில்லை. மத்ரினாவின் சீர் என்று ஊருக்குக் காட்டி வாங்கினார்கள்.

போன வருஷம் அரசாங்கம் இங்கே காது கேளாதோர் வகுப்புத் திறந்தது. ஆசிரியை மாகாலி வந்தாள். ஒல்லிப் பெண், குரல் மெல்லிசு. கை மட்டும் ஓயாமல் பேசும். பள்ளத்தாக்கு முழுதும் சுற்றிப் பதினொரு பிள்ளைகளைச் சேர்த்தாள். ஒரு சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து, உட்காராமலேயே, தன் காதுக்குப் பின்னால் இரண்டு விரலை வைத்து விரித்து மூடிக் காட்டினாள்.

"இது என்ன தோன்யா?"

"கத்தரிக்கோல் மாதிரி இருக்கு."

"நான் சொல்லிக் குடுக்காத சைகை. எந்தப் புத்தகத்துலயும் இல்ல. வகுப்புக்கு வந்த அன்னைக்கே பதினொரு பிள்ளைக்கும் இது தெரிஞ்சிருந்துச்சு. என்னன்னு தாய்மாருகிட்டக் கேட்டேன். அதுவா டீச்சர், அது மத்ரினாங்குறாங்க. போட்டோவக் காட்டுறாங்க. எல்லா வீட்டுலயும் ஒரே போட்டோ, ஒரே மத்ரினா. எப்படி தோன்யா?"

"எனக்குப் பிள்ளைங்கன்னா உசுரு," என்றேன்.

அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையைப் பார்த்துப் படிக்கிறவர்கள் அவர்கள். பிறகுதான் உங்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறாள். உலகத்தில் எத்தனையோ கம்பெனி ஆட்கள் என் படிவங்களைச் சல்லடை போட்டுப் பார்த்தார்கள். ஒரு பிழை கண்டுபிடிக்கவில்லை. என் பெயரைக் குழந்தைகள் கையில் எழுதிவைத்திருப்பார்கள் என்று நான் எப்படி நினைப்பேன்.

திருகை எப்போது தளர்த்தினேன் என்று இரண்டாவது தடவையாகக் கேட்கிறீர்கள். திறப்பு விழாவில் நாடா சத்தமில்லாமல் விழுந்தது என்று நானே சொல்லிவிட்டேன், இல்லையா. பேச்சு வளர்ந்தால் இதுதான் வம்பு.

சரி, எழுதிக்கொள்ளுங்கள். மாட்டு டாக்டர் அந்த வார்த்தையைச் சொன்ன அன்று, கூட்டம் முடிந்து, மிச்ச ரொட்டியைப் பொதிந்துகொண்டு அறைக்கு வந்தேன். கத்தரிக்கோலை எடுத்து, சமையல் கத்தி முனையால் திருகை அரைச் சுற்றுத் திருப்பினேன். மூடிப் பார்த்தேன். டக்கென்றது. முதல் ஊசிக்கு இன்னும் இருபது நாள் இருந்தது. ஒரு குழந்தைகூடச் சேரவில்லை. சாதுர்னினா என் வாசலுக்கு ரொட்டிக் கூடையோடு வருவதற்கு எவ்வளவோ முன்னால். தகரத் தட்டு கை தவறவில்லை. அறுபத்துநாலு பேரையும் மடியில் அமுக்கிப் பிடித்தபோது எனக்குத் தெரியும். தெரிந்துகொள்வது பாதுகாப்பு அதிகாரியின் வேலை. அதை நான் மற்ற எவரையும்விடச் சரியாகச் செய்தேன். சொல்ல வேண்டும் என்று என் நியமன உத்தரவில் எங்கும் இல்லை. பார்த்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்து எங்கே போட வேண்டும். எல்லாப் பக்கத்திலுமா. பரவாயில்லை, பழக்கம்தான்.

ஒரே ஒரு உதவி. நேற்று என்னைப் போலீஸ் வண்டியில் சதுக்கம் வழியாகக் கூட்டிவந்தார்கள். பள்ளி விடுகிற நேரம். சாதுர்னினா யெனியோடு ரொட்டிக் கடை வாசலில் நின்றாள். நான் ஜன்னல் வழியாகக் 'கொமாத்ரே' என்றேன். அவள் திரும்பவில்லை, வண்டிச் சத்தத்தில் கேட்டிருக்காது. ஆனால் யெனி பார்த்துவிட்டாள். ஏழு வயதாகிறது, நல்ல வளர்த்தி. என்னைக் கண்ட உடனே காதுக்குப் பின்னால் இரண்டு விரலை வைத்து விரித்து மூடினாள். பக்கத்தில் நின்ற பிள்ளைகளும் பார்த்தார்கள். ஒவ்வொருவராகக் கையைத் தூக்கினார்கள். பதினொரு பேரும். வண்டி திரும்புகிற வரை நிறுத்தவில்லை. கூட வந்த கிழட்டு ஏட்டு, என்னம்மா இது என்று கேட்டார். என்னைக் கூப்பிடுகிறார்கள் என்றேன். பிள்ளைகள் அன்பை மறப்பதில்லை.

நானும் பதிலுக்குக் கையைத் தூக்க நினைத்தேன். விலங்கு போட்டிருந்தது. மத்ரினா கண்டும் காணாதது போலப் போய்விட்டாளே என்று யெனி ஏங்கிப்போயிருப்பாள். அப்படியில்லை என்று அவளிடம் யாராவது சொல்லிவிடுங்கள், வக்கீலம்மா. பின்னாலிருந்து கூப்பிடாதீர்கள், திரும்ப மாட்டாள். முன்னால் போய் நின்று சொல்லுங்கள்.